நேர்ச்சைக் கிடாவின் கழுத்து

சுலைகா பீவி வளர்த்த கிடாவுக்குப் பேர் கிடையாது. நேர்ந்துவிட்ட உருப்படிக்குப் பேர் வைத்தால் அறுக்கிற நேரத்தில் கை நடுங்கும் என்று புருஷன் ஹசன் முதலிலேயே சொல்லிவிட்டார். மற்ற நாலு பெட்டை ஆடுகளுக்கும் வாய்க்கு வந்த பேரையெல்லாம் வைத்திருந்தவள், இதை மட்டும் நேர்ச்சை என்று கூப்பிட்டாள். கூப்பிட்டுக் கூப்பிட்டு அதுவே பேராகிப் போனது. "நேர்ச்சே" என்று ஒரு குரல் கொடுத்தால் எங்கே மேய்ந்துகொண்டிருந்தாலும் தலையைத் தூக்கிப் பார்க்கும்.

மகள் ஷம்னாவுக்காக நேர்ந்தது. குளச்சலில் கட்டிக்கொடுத்து ஏழு வருஷமாகியும் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. மாமியார்க்காரி நேரில் ஒன்றும் கேட்கமாட்டாள். கல்யாண வீடுகளில் ஷம்னாவின் காதுபட மற்றவர்களிடம் சொல்லிச் சலித்துக்கொள்வாள். சுலைகா பீவி பஸ் ஏறித் தக்கலை தர்காவுக்குப் போய், பிள்ளை பிறந்தால் கொழுத்த கிடா ஒன்று அறுத்து ஏழைக்குச் சோறு கொடுப்பதாக நேர்ந்துவிட்டு வந்தாள். அடுத்த வருஷமே ஆண் பிள்ளை பிறந்தது. கிடாவும் வாங்கி வளர்த்தாயிற்று. தர்காவில் ஆண்டு விழாவுக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது. அதற்குள் ஆனைக்குழிக்குப் புலி வந்துவிட்டது.

ஆனைக்குழி என்பது குலசேகரத்திலிருந்து மலையைப் பார்த்துப் போகிற பஸ் திரும்பி வருகிற இடம். அதற்கப்புறம் ரப்பர் தோட்டம், தோட்டத்துக்கு அப்புறம் காடு. நடுவில் ஒரு கம்பி வேலி உண்டு. அது யானைக்கும் பன்றிக்கும் எங்கே எங்கே அறுந்து கிடக்கிறது என்று நன்றாகத் தெரிந்த வேலி. தோட்டத்து முதலாளி நாகர்கோவிலில் இருந்தார். பால் வெட்டுகிறவர்களுக்கென்று அவர் கட்டிக்கொடுத்த ரெட்டை வீட்டில் ஒரு பாதியில் ஹசனும் சுலைகா பீவியும், மறு பாதியில் முத்துநாயகமும் தாணம்மாளும். நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கத்திலிருந்து, "அண்ணே, சுக்கு இருக்கு, வேணுமா?" என்று குரல் வரும்.

முத்துநாயகம் அய்யா வழிக்காரன், அந்த வழியில் கிடா வெட்டு, பலி எதுவும் ஆகாது. விடிவதற்கு முன்னால் எழுந்து குளித்து, நெற்றியில் வெள்ளை நாமம் இழுத்து, அதற்கு மேல் ஹெட்லைட்டைக் கட்டிக்கொண்டுதான் வெட்டுக்கு இறங்குவான். ஹசன் விடிகாலைச் சுபுஹு தொழுதுவிட்டு வருவார். ஒருத்தருக்கு முந்நூறு மூடு கணக்கு, மூடு என்றால் மரம். விடியாத கறுக்கலில் வெட்டினால்தான் பால் ஓடும். வெயில் ஏற ஏற மரம் சுண்டிக்கொள்ளும். பதினைந்து வருஷமாக ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து வரிசையில் வெட்டுகிறார்கள். வெட்டிக்கொண்டே சண்டை போடுவார்கள், அநேகமாக முத்துநாயகத்தின் பீடியை ஹசன் மழையில் நனைய விட்டுவிட்டார் என்பது போன்ற பெரிய விஷயங்களுக்கு.

ஆனி மாதத்தில் ரெண்டு நாய்கள் காணாமல் போயின. பிறகு மேல் தோட்டத்தில் ஒரு கன்றுக்குட்டி. பஞ்சாயத்துத் தலைவர் சொல்லி வனத்துறையிலிருந்து வந்து கேமரா கட்டினார்கள். கேமராவில் முள்ளம்பன்றியும், கள்ளத்தனமாக விறகு வெட்டப் போன நாலு பேரும் விழுந்தார்கள். விறகு வெட்டியவர்களுக்கு அபராதம் போட்டார்கள். புலி இல்லை, சிறுத்தையாக இருக்கலாம், பயப்பட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சிறுத்தைக்கு ஏன் பயப்பட வேண்டாம் என்று யாரும் கேட்கவில்லை.

ஆடி கடைசி வியாழக்கிழமை சாயங்காலம், சுலைகா பீவி மரங்களில் கட்டியிருந்த கப்புகளில் காய்ந்து கிடந்த ஒட்டுபாலைப் பிய்த்து வாளியில் போட்டுக்கொண்டிருந்தாள். சாரல் தூறிக்கொண்டிருந்தது. கிடா பத்துப் பதினைந்து அடி தள்ளிக் கொடி இழுத்து மேய்ந்துகொண்டிருந்தது. அது சும்மாவே கத்துகிற ஜாதி. கத்திக்கொண்டிருந்தது சட்டென்று நின்றதால்தான் அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

கிடாவின் கழுத்தை வாயில் கவ்விக்கொண்டு அது அவளையே பார்த்தது. ஒரு மிருகத்துக்கு இத்தனை பெரிய முகம் இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை. மஞ்சளும் கறுப்பும் நனைந்து மின்னின. அவளுக்கு ஓடத் தோன்றவில்லை. கையிலிருந்த வாளியை மரத்தில் அடித்து அடித்து, "எனக்க நேர்ச்சை! எனக்க நேர்ச்சை! விடு நாயே!" என்று கத்தினாள். புலியைப் பார்த்து நாயே என்று கத்தியது பிறகு நினைவு வந்தபோது அவளுக்கே சிரிப்பு வந்தது. அன்றைக்கு அது வேலை செய்தது. புலி கிடாவைக் கீழே போட்டது. ஓடவில்லை, வேலிப்பக்கமாக நடந்து போனது.

கத்தல் கேட்டு ஹசனும் முத்துநாயகமும் ஓடிவந்தார்கள். கிடாவின் கழுத்தில் ரெண்டு பக்கமும் ஓட்டை. மூச்சு விடும்போது அதிலிருந்து ரத்தம் குமிழ் விட்டது. கண் திறந்திருந்தது.

"புலிதானா அக்கா? கண்டியா?" என்றான் முத்துநாயகம்.

"அதைப் பெறவு கேளு. இஞ்ச பாருங்கோ, உசிரு இருக்கு! ஓடிப்போய்க் கத்தி எடுத்துட்டு வாங்கோ!"

ஹசன் தயங்கி நின்றார். "ஏட்டி, இது போயிரும் போல இருக்கே."

"போவதுக்கு முன்னே அறுக்கணும். செத்துப் போச்சுன்னா ஹராமாப் போவும். நேர்ந்த கிடா நாய்க்கும் நரிக்கும் போனா ஷம்னா பிள்ளைக்கு என்ன ஆவும்? நிக்காதீங்கோ!"

காட்டு மிருகம் அடித்துச் செத்ததை அவர்கள் உண்ணக்கூடாது. ஆனால் உயிர் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும்போது இறைவன் பேரைச் சொல்லி அறுத்துவிட்டால் தடையில்லை. இது ஹசனுக்கும் தெரியும். ஓடிப்போய்க் கத்தியை எடுத்து வந்தார். கிடாவை மேற்கே பார்த்துக் கிடத்தினார்கள். முத்துநாயகம் பின்னங்காலைப் பிடித்துக்கொண்டான். அறுக்கிற இடத்தில்தான் பல் பதிந்திருந்தது. கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே என்று ஹசன் விரலால் தடவிப் பார்த்தார். நல்ல இடம் இல்லை. பிஸ்மில்லாஹ் சொல்லி, பல் பட்ட ஓட்டைகளுக்கு நடுவேயே கத்தியை ஓட்டினார். ரத்தம் பீறிட்டது. கால் ஓங்கி உதைத்ததில் முத்துநாயகத்தின் கையிலிருந்து நழுவியது.

"உதைச்சுது, பாத்தியளா! உசிரு இருந்துது!" என்று சுலைகா பீவி அழுதாள். அது சந்தோஷ அழுகை. புலியின் வாயிலிருந்து நேர்ச்சையை மீட்டுவிட்டோம் என்று அந்த மூன்று பேருக்கும் அவ்வளவு நிம்மதி. வனத்துறை என்று ஒன்று இருப்பதே அந்த நேரத்தில் ஒருத்தருக்கும் நினைவுக்கு வரவில்லை.

நேர்ச்சை இறைச்சியை வைத்துக்கொள்ளக்கூடாது. அன்றைக்கே நெய்ச்சோறு வைத்து, கறி வைத்து, ஆனைக்குழியில் இருந்த இருபத்துச் சொச்சம் வீடுகளுக்கும் கொடுத்தார்கள். ஷம்னாவுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னபோது அவளும் அழுதாள். முத்துநாயகம் தட்டோடு வந்து உட்கார்ந்தான்.

"நேர்ச்சை எறச்சி எனக்கு வேண்டாம் அண்ணே. அய்யா பொறுக்கமாட்டாரு. நெய்ச்சோறு மட்டும் போடச் சொல்லு. ஊறுகாய் இருக்குல்லா?"

"புலிக்க எச்சில்னு பயப்படுதியாலே?"

"புலிக்க எச்சில்னா பரவாயில்ல. நீ அறுத்ததாக்கும் பயமா இருக்கு" என்று சொல்லி, மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டான்.

அவன்தான் மறுநாள் காலையில் வனத்துறைக்குப் போன் செய்தவன். மத்தியானம் ஜீப்பில் வனவரும் ரெண்டு காவலர்களும், ஒரு மாட்டாஸ்பத்திரி டாக்டரும் வந்தார்கள். வனவர் மதுரைப் பக்கத்துக்காரர். இந்த ஊர்ப் பேச்சு அவருக்குப் பாதிதான் பிடிபடும். மீதியை முகத்தைச் சுளித்துக்கொண்டு ஊகிப்பார். முதலில் இடத்தைக் காட்டச் சொன்னார். இரவு முழுக்கப் பெய்த மழையில் கால் தடம் என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. சேறுதான் இருந்தது.

"ஆடு எங்க?"

எல்லாரும் ஹசனைப் பார்த்தார்கள். முத்துநாயகம்தான் சொன்னான். "கறி வச்சாச்சு சாரே."

வனவர் டாக்டரைப் பார்த்தார். "புலி அடிச்ச ஆட்டைக் கறி வச்சுத் தின்ன ஊரை இப்பத்தான் பாக்குறேன்."

"தோல் இருக்கு சாரே" என்று ஹசன் உப்புத் தடவி வேலியில் போட்டிருந்த தோலை எடுத்து வந்து விரித்தார். டாக்டர் குனிந்து பார்த்தார். பின்பக்கத்தில் ரெண்டு கீறல். கழுத்தில் நேராக ஒரு வெட்டு. வெட்டின் ஓரத்தில் பாதி ஓட்டை ஒன்று.

"இது பல்லா, கத்தி நுனியா, சொல்ல முடியல. பல்லுன்னா நாலு ஓட்டையும் வேணும். இடைவெளி அளந்தாத்தான் சிறுத்தையா புலியா, வெறும் நாயான்னு சொல்ல முடியும்."

வனவர் ஹசனைப் பார்த்தார். "ஏய்யா, புலி எங்க கடிக்கும்? கழுத்துல. நீ எங்க அறுத்திருக்க?"

"கழுத்துல."

"வேற இடமே கிடைக்கலையா?"

"எங்க மார்க்கத்துல அங்கதானே அறுக்க முடியும் சாரே" என்றார் ஹசன். அவர் கேலி செய்யவில்லை. வனவருக்கு அது கேலியாகப் பட்டது.

சுலைகா பீவி முன்னால் வந்தாள். "நான் கண்டேன் சாரே. எனக்க ரெண்டு கண்ணால கண்டேன். வரி வரியா இருந்துது. என்னையே பாத்துது."

"எவ்வளவு தூரத்துல?"

"அந்தா அந்த மூட்டுக்கும் இதுக்கும் உள்ள தூரம்."

"அவ்வளவு பக்கத்துல புலி நின்னு, நீங்க வாளியத் தட்டினதும் போயிருச்சா?"

"ஓம் சாரே."

"போட்டோ எடுத்தீங்களா?"

அவளிடம் இருந்தது பட்டன் போன். நல்ல போனாகவே இருந்திருந்தாலும், புலியின் வாயில் ஆடு இருக்கும்போது போட்டோ எடுக்கிற புத்தி அவளுக்கு எங்கிருந்து வரும்? "இல்ல சாரே" என்றாள்.

ஹசன் விடவில்லை. "கூடு ஒண்ணு வையுங்க சாரே. நாங்க கறுக்கல்ல எறங்கி வேலை செய்யுத ஆளுக. எங்களுக்கு வேற ஒண்ணும் வேண்டாம். கூடு மட்டும் வையுங்க."

"கூண்டு நான் நினைச்சா வைக்க முடியாதுய்யா. புலின்னு ரிப்போர்ட் போகணும், மேல இருந்து உத்தரவு வரணும். நான் எதைக் காட்டிப் புலின்னு எழுத? உன் குழம்பையா?"

ஜீப்பின் மேல் காகிதத்தை வைத்து எழுதினார். எழுதியதை ஹசனே வாசித்துப் பார்த்தார். அடையாளம் தெரியாத விலங்கு தாக்கியதாகச் சொல்லப்படும் ஆடு, உரிமையாளரால் அறுக்கப்பட்டு உண்ணப்பட்டுவிட்டதால் பரிசோதனைக்குக் கிடைக்கவில்லை. புலி நடமாட்டத்துக்கான ஆதாரம் ஏதும் இல்லை. ஹசன் ரெண்டு தடவை வாசித்தார். பொய் என்று சுட்டிக்காட்ட அதில் ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. கையெழுத்துப் போட்டார்.

நான்தான் அறுக்கச் சொன்னேன் என்று வனவரிடம் சொல்லிவிடலாமா என்று சுலைகா பீவிக்குத் தோன்றியது. அதனால் என்ன ஆகிவிடப் போகிறது என்றும் தோன்றியது. ஜீப் போன பிறகு, "நான்தானே உங்கள அவசரப்படுத்தினேன்" என்று ஹசனிடம் சொன்னாள். அவர் தோலைச் சுருட்டினார். ஏசியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அந்த வாரம் யாரும் வெட்டுக்கு இறங்கவில்லை. அஞ்சாம் நாள் தோட்டத்துச் சூப்பர்வைசர் சகாயம் பைக்கில் வந்தான். கெட்டவன் இல்லை, சம்பளத்துக்காக அதட்டுகிறவன். பால் ஷெட் முன்னால் எல்லாரையும் கூட்டினான்.

"மழை கொறஞ்சாச்சு. மரத்துல பால் நிக்கு. நீங்க வீட்டுல இருந்து கட்டன் சாயா குடிச்சிட்டு இருக்கிய. முதலாளி என்னைய கேக்காரு."

"வெட்ட மாட்டோம்னு சொல்லல்லியே. எட்டு மணிக்கு எறங்குதோம்" என்றான் முத்துநாயகம்.

"எட்டு மணிக்கு வெட்டினா மரத்துல இருந்து பாலா வரும், பெருமூச்சுதான் வரும். இந்த வேலை தெரியாத ஆளுககிட்ட போய்ச் சொல்லு இதை."

"புலி இருக்கு சகாயம். எனக்க வீட்டுக்காரி கண்டிருக்கா" என்றார் ஹசன்.

சகாயம் போனை எடுத்து நீட்டினான். வனவர் எழுதிய காகிதத்தின் போட்டோ. முதலாளியின் போனுக்கு எப்படிப் போயிற்றோ, அங்கிருந்து இவனுக்கு வந்திருந்தது. "ஓய் ஹசன், இதுல கிடக்குது உம்ம கையெழுத்துதானே? ஆதாரம் ஒண்ணும் இல்லைன்னு எழுதி, அடியில நீரே ஒப்புப் போட்டுக் குடுத்திருக்கீரு. பின்னே என்ன புலி?"

ஹசன் தரையைப் பார்த்தார். சகாயத்துக்கும் அது கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டான். "இஞ்ச பாருங்க, வடக்க இருந்து பயலுவளக் கொண்டு எறக்கணும்னு முதலாளி போன வருசமே சொன்னவரு. நான் தடுத்து வச்சிருக்கேன். அவனுவ வந்தா அவனுவளுக்கு இந்த வீடுதான் குடுக்கணும். யோசிச்சுக்கிடுங்க."

யோசிக்க அதில் என்ன இருக்கிறது? அன்றைக்கு மரச்சீனிக் கிழங்கும் சாளைக் குழம்புமாக ரெண்டு வீட்டுக்காரர்களும் ஒன்றாக உட்கார்ந்தார்கள்.

"போவோம் அண்ணே. ரெண்டு பேரும் விட்டுப் பிரியாண்டாம். ஒரு வரிசை முடிஞ்சா நான் ஒரு கூவு கூவுதேன். பதிலுக்கு நீ கூவு" என்றான் முத்துநாயகம்.

"கூவினா புலிக்கு வழி சொன்னது போல ஆவும்" என்றாள் தாணம்மாள். அவள் அதிகம் பேசமாட்டாள். கிழங்கின் நரம்பை எடுத்து எடுத்து ஓரமாக வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, இவ்வளவு பெரிய மிருகத்துக்கு நான் வழி சொல்லியா தெரியணும்?"

சுலைகா பீவி தலையைக் குனிந்தபடியே சொன்னாள். "அந்தக் கிடாவ அப்படியே போட்டிருந்தா இண்ணு கூடு வந்திருக்கும். எனக்க அவசரத்துல…"

"விடு அக்கா. நானும்தானே காலைப் பிடிச்சேன்" என்றான் முத்துநாயகம்.

மறுநாளிலிருந்து இறங்கினார்கள். விடிகாலையில் ஹெட்லைட் வெளிச்சம் ரெண்டும் மரங்களுக்குள் போவதை இரண்டு பெண்களும் வாசலில் நின்று பார்ப்பார்கள். கொஞ்ச நேரத்தில் முத்துநாயகத்தின் கூவல் வரும், நீளமாக, கடைசியில் ஒரு சுழி சுழித்து. பிறகு ஹசனுடைய கூவல், பள்ளியில் பாங்கு சொல்லத் தொடங்கி வெட்கப்பட்டு நிறுத்தினது மாதிரி. தாணம்மாள் அடுப்பு வேலை பார்த்துக்கொண்டே தன் புருஷனின் கூவலை எண்ணுவாள். ஒரு ஆளுக்குப் பத்து வரிசை. பத்தாவது கூவல் கேட்ட பிறகுதான் சாயாவுக்கு வெள்ளம் வைப்பாள்.

பதினோரு நாள் ஒன்றும் நடக்கவில்லை. பயம் மெல்ல மெல்ல விலகியது. முத்துநாயகம் கூவலில் சினிமாப் பாட்டு ராகமெல்லாம் சேர்த்தான். சகாயம் கூட, "உங்க புலி லீவுல போயிட்டா ஓய்?" என்று கேட்டுவிட்டுப் போனான். சுலைகா பீவிக்கே சந்தேகம் வர ஆரம்பித்தது. மழைத் தூறலில் வேறு எதையாவது பார்த்திருப்போமோ? சிறுத்தையோ என்னவோ? தன் கண் பொய் சொல்லியிருக்க வேண்டும் என்று அவள் ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டாள். தன்னை ஊர் பொய்க்காரி என்று சொன்னால் அவளுக்குச் சம்மதம்.

பன்னிரண்டாம் நாள் காலையில் ஏழு கூவல் வந்தது. எட்டாவது வரவில்லை.

தாணம்மாள் அடுப்பை விட்டு வெளியே வந்து நின்றாள். ஹசனின் கூவல் வந்தது. திரும்பவும் வந்தது. மூன்றாவது முறை வந்தது கூவல் இல்லை, "முத்தூ! ஏலே முத்தூ!" என்ற கத்தல்.

ஹசனுக்கு அன்றைக்கு ஹெட்லைட்டில் சார்ஜ் இறங்கிவிட்டது. வெளுக்கட்டும் என்று ஒரு மூட்டடியில் நின்றிருக்கிறார். அதற்குள் முத்துநாயகம் ஒரு வரிசை முன்னால் போய்விட்டான். விட்டுப் பிரியக்கூடாது என்றவன்தான். கை வேகம், நின்று பழக்கமில்லை. ஹசன் போய்ப் பார்த்தபோது மரத்தில் பாதிப் பட்டைதான் சீவியிருந்தது. பால் கப்புக்குப் போகாமல் வழி தவறித் தடியில் ஒழுகிக்கொண்டிருந்தது. கத்தி கீழே கிடந்தது. பக்கத்து வரிசைக்காரர்கள் பட்டாசு வெடித்துக்கொண்டு ஓடிவந்தார்கள். வேலிக்கு இந்தப் பக்கமே, நாற்பது அடி தள்ளி, முத்துநாயகத்தைப் போட்டுவிட்டுப் போயிருந்தது. உயிர் இல்லை. தலை ஒரு பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. நெற்றியில் நாமம் அப்படியே இருந்தது.

சுலைகா பீவியும் தாணம்மாளும் போய்ச் சேரும்போது நன்றாக வெளிச்சம் வந்துவிட்டது. ஹசன் அவன் காலடியில் உட்கார்ந்து, தன் மண்டையில் தானே அடித்துக்கொண்டிருந்தார். சுற்றி நின்றவர்கள் விலகி வழி விட்டார்கள். தாணம்மாள் குனிந்து முத்துநாயகத்தின் முகத்தைப் பார்த்தாள். பிறகு கழுத்தைப் பார்த்தாள். அழவில்லை.

"தூக்குங்கலே, வீட்டுக்குக் கொண்டு போவோம்" என்றார் ஒரு பெரியவர். நாலு பேர் முன்னால் வந்தார்கள்.

"தொடாதீங்க" என்றாள் தாணம்மாள்.

"என்ன பிள்ளே, இப்படிச் சேத்துல போட்டு வைக்கவா?"

"போட்டு வைக்கணும். பாரஸ்ட்காரங்க வந்து பாக்கட்டும். யாரும் தொடப்பிடாது."

"அவங்க எப்பம் வருவாங்களோ. வாயையாவது கட்டுவோம், மக்கா."

"கழுத்துல கை படும். வேண்டாம்."

யாரோ வெள்ளம் கொண்டு வந்தார்கள், முகத்தைத் துடைக்க. செம்பைத் தட்டிவிட்டாள். ரெண்டு கையையும் விரித்துக்கொண்டு அவனுக்கும் ஆட்களுக்கும் நடுவில் நின்றாள். அவள் அண்ணன் பஸ் பிடித்து வந்து சேர்ந்தான். தங்கச்சிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்து அவளைப் பிடித்து இழுத்துப் பார்த்தான். அவனையும் தள்ளினாள்.

சுலைகா பீவிக்கு மட்டும் அவளுக்கு ஒன்றும் பேதலிக்கவில்லை என்று தெரிந்தது. தாணம்மாள் பாடம் படித்திருந்தாள். படிப்பித்தது யார் என்பதும் சுலைகா பீவிக்குத் தெரியும். இப்போது சொல்வாள், இப்போது சொல்வாள் என்று காத்து நின்றாள். அக்கா, உனக்க நேர்ச்சைக்கு எனக்க மாப்பிள்ளையைக் குடுத்திட்டியே என்று சொல்லிவிட்டால் காலில் விழுந்துவிடலாம். தாணம்மாள் அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை.

வெயில் ஏறியது. ஈ மொய்க்கத் தொடங்கியது. சுலைகா பீவியால் பார்க்க முடியவில்லை. தலையில் போட்டிருந்த துப்பட்டியை எடுத்துப் போர்த்தப் போனாள்.

"துணி போடாத அக்கா" என்றாள் தாணம்மாள். குரலில் கோபம் இல்லை. "நூல் ஒட்டிச்சுன்னா, துடைச்சுன்னா, ஒண்ணு கிடக்க ஒண்ணு சொல்லுவாங்க. ஓட்டை நாலும் அவங்களுக்குத் தெரியணும்."

சுலைகா பீவி துப்பட்டியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள். "ஈயை மட்டும் ஓட்டட்டா மக்கா?"

தாணம்மாள் கொஞ்சம் யோசித்தாள். "ஓட்டு. கழுத்துல முட்டாம ஓட்டு."

இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமாக உட்கார்ந்தார்கள். சுலைகா பீவி ரப்பர் இலைக் கொத்து ஒன்றை ஒடித்து, படாமல் படாமல் விசிறினாள். கை வலித்தபோது மறு கைக்கு மாற்றினாள். ஹசன் எழுந்து போய் ஜீப் வருகிற வழியைப் பார்த்து நின்றார். ஜீப் வர மூன்று மணி நேரமாயிற்று.

அதே வனவர், அதே டாக்டர், கூடவே போலீஸ். டாக்டர் கையுறை போட்டுக்கொண்டு குனிந்தார். ஓட்டைகளுக்கு இடையில் ஒரு அளவுகோலை வைத்துப் பார்த்தார். எல்லாப் பக்கத்திலிருந்தும் போட்டோ எடுத்தார்கள். இந்த முறை சேற்றில் காலடித் தடமும் தெளிவாக இருந்தது. அதற்குச் சுற்றிலும் சுண்ணாம்புப் பொடி தூவினார்கள்.

"புலிதான்" என்றார் டாக்டர். "ஆண். வயசானதா இருக்கணும்."

வனவர் தள்ளி நின்று போனில் பேசினார். "ஆமா சார், கன்ஃபார்ம். பல் தடம் சுத்தமாக் கிடைச்சிருக்கு, யாரும் தொடல. கூண்டு இன்னைக்கே வேணும் சார். ரெண்டு அனுப்புங்க." பேசி முடித்துத் திரும்பியவரின் முகம் வெளிறியிருந்தது. ஹசனின் கண்ணைப் பார்க்காமல் காகிதத்தை எடுத்தார்.

தாணம்மாள் எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்றாள். "புலின்னு எழுதிட்டியளா சாரே?"

"எழுதுறேம்மா."

"எழுதுங்க. நான் நிக்கேன்."

அவர் பேனா ஓடுவதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு நன்றாக வாசிக்கத் தெரியாது. அந்த ஒரு வார்த்தை எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டச் சொன்னாள். வனவர் காட்டினார். அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இனி மூடலாமா சாரே?"

அவர் தலையை ஆட்டினார். தாணம்மாள் சுலைகா பீவியின் கையிலிருந்த துப்பட்டியை வாங்கினாள். ஒரு முனையை அவளிடமே கொடுத்துப் பிடிக்கச் சொன்னாள். ரெண்டு பேருமாக விரித்து அவனை மூடினார்கள். மூடி முடித்த பிறகுதான் தாணம்மாள் வாய் விட்டுக் கத்தினாள்.